‘பென்ஷன் வரும்’ என்றால் எந்தப் பணம்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். அரசாங்கப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் துப்புரவு வேலை. போன தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தவர் பேச்சுவாக்கில், "இன்னும் ரெண்டே வருஷந்தான் தம்பி. அம்பத்தஞ்சு ஆனா பென்ஷன் வந்துடும். அப்புறம் பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்துடுவேன்" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த வாரம் அவருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே இருந்தது பள்ளியின் பெயரும் அல்ல, கல்வி அமைச்சின் பெயரும் அல்ல. ஒரு குத்தகை நிறுவனத்தின் பெயர்.

வேலை செய்யும் இடம் அரசாங்கத்துடையது. சம்பளம் கொடுப்பவர் தனியார். அதனால் அவருக்கு அரசாங்கப் பென்ஷன் கிடையாது.

இந்தத் தவறான நம்பிக்கை அவர் ஒருவருடையது அல்ல. அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை போன்ற வேலைகள் 1990களில் தனியார் கைக்குப் போயின. பள்ளிகளிலும் இன்று அதே கதைதான். ஒரு தலைமுறைக்கு முன்னால் மருத்துவமனையிலும் நகராட்சியிலும் பொதுப்பணி இலாகாவிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த நம் தாத்தா, அப்பாமார்களுக்குப் பென்ஷன் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதே வாசலுக்குள் நுழைந்து அதே வேலையைச் செய்தால் அதே பென்ஷன் வரும் என்று நினைப்பதில் தப்பில்லை. நடுவில் மாறிப்போனதை யாரும் அவர்களிடம் உட்கார்ந்து விளக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டுமே குடிமக்கள் எல்லாருக்கும் மாதாமாதம் பணம் தரும் பொதுவான பென்ஷன் மலேசியாவில் இல்லை. நம் வீடுகளில் ‘பென்ஷன்’ என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு பணங்களை ஒரே பெயரால் குறிப்பிடுகிறோம். அரசாங்க ஊழியருக்கு வரும் ஓய்வூதியம் ஒன்று. இபிஎஃப் என்றும் கே.டபிள்யூ.எஸ்.பி. என்றும் சொல்லும் ஊழியர் சேமநிதி இரண்டாவது. சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் கொடுக்கும் பென்ஷன் மூன்றாவது. மூன்றுக்கும் சட்டம் வேறு, கணக்கு வேறு, கைக்கு வரும் நேரமும் வேறு. உங்களுக்கு எது உரியது என்று தெரியாமல் ஓய்வுக்குத் திட்டம் போட முடியாது.

அரசாங்க ஓய்வூதியத்திலிருந்து தொடங்குவோம். இது 1980ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி வருவது. இதில் உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும் பணம் என்று ஒன்று இல்லை. அரசாங்கம் தரும் வாக்குறுதிதான் இருக்கிறது: நீங்கள் உயிரோடு இருக்கும் வரை மாதம் இவ்வளவு. கணக்கும் எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை, வேலை செய்த மாதங்களால் பெருக்கி, 600ஆல் வகுக்க வேண்டும். மாதங்களுக்கு உச்சவரம்பு 360. அதாவது முப்பது வருடம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் 60 விழுக்காடு கிடைக்கும். முப்பத்தைந்து வருடம் உழைத்தாலும் அதே 60தான்.

ஒரு தாதியின் கடைசி அடிப்படைச் சம்பளம் 3,600 வெள்ளி (ரிங்கிட்), சேவை முப்பது வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதப் பென்ஷன் 2,160 வெள்ளி. இதோடு ‘கஞ்சாரான்’ என்கிற பணிக்கொடை ஒரே தடவையாக வரும். கடைசிச் சம்பளத்தில் 7.5 விழுக்காட்டை வேலை செய்த மாதங்களால் பெருக்க வேண்டும். இவருக்கு 97,200 வெள்ளி. அதே சம்பளத்தில் இருபத்திரண்டு வருடம் மட்டும் முடித்தவருக்கு மாதம் 1,584 வெள்ளியும் பணிக்கொடையாக 71,280 வெள்ளியும் கிடைக்கும். சம்பளம் குறைவாக இருந்தவர்களுக்கும் ஒரு தரை உண்டு: இருபத்தைந்து வருடச் சேவை இருந்தால் 2018 முதல் மாதம் 1,000 வெள்ளிக்குக் குறையாமல் தர வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: அடிப்படைச் சம்பளம். கைக்கு வரும் மொத்தத் தொகையை வைத்து, "நாலாயிரத்து ஐந்நூறு வாங்குகிறேன், அதில் அறுபது விழுக்காடு" என்று கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டு அலவன்ஸ், விலைவாசி அலவன்ஸ் எல்லாம் ஓய்வு பெறும் நாளோடு நின்றுவிடும். அவை பென்ஷன் கணக்கில் நுழைவதே இல்லை. ஓய்வு பெறப்போகிறவர் தன் சம்பளச் சீட்டில் முதல் வரியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொரு விஷயம், ராஜினாமா. வேலை பிடிக்கவில்லை, மேலதிகாரியோடு ஒத்துவரவில்லை என்று பதினெட்டு வருடச் சேவைக்குப் பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் பென்ஷன் போய்விடும். அதற்குப் பதிலாக, நாற்பது வயதைத் தாண்டியவர் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்தால் பணிக்கொடை கையில் கிடைக்கும், பென்ஷன் உரிமையும் தங்கும். ஆனால் 12 ஏப்ரல் 1991 அன்றோ அதற்குப் பிறகோ வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மாதப் பென்ஷன் 55 வயதில்தான் தொடங்கும். இரண்டும் வேலையை விட்டு வெளியே வரும் வழிகள்தாம். ஆனால் எந்தக் கடிதத்தைக் கொடுத்தீர்கள் என்பதில் ஒரு வாழ்நாள் வருமானமே அடங்கியிருக்கிறது. கோபத்தில் இருக்கும்போது கடிதம் எழுதாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லா அரசாங்க ஊழியர்களிடமும் சொல்லி வருகிறேன்.

இபிஎஃப்புக்குப் பதிலாகப் பென்ஷனைத் தேர்ந்தெடுத்த சிலர் தங்கள் இபிஎஃப் கணக்கில் இருக்கும் அரசாங்கப் பங்கையும் தம்முடையது என்று நினைத்திருப்பார்கள். அது ஓய்வூதிய நிதிக்குத் திரும்பிப் போய்விடும். தன் சம்பளத்தில் பிடித்த பங்கு மட்டுமே அவருடையது. பென்ஷனும் வேண்டும், இரண்டு பங்கு இபிஎஃப்பும் வேண்டும் என்றால் கிடையாது.

பென்ஷனில் இருப்பவர்கள் பணமாக எண்ணிப் பார்க்காத ஒரு நன்மை மருத்துவம். பினாங்கு பெரிய மருத்துவமனையில் இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்கும் பென்ஷன்காரர், ஓய்வூதியர் அட்டையைக் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போகிறார். வயதான காலத்தில் இதன் மதிப்பு பணிக்கொடையைவிடக்கூடப் பெரிதாக இருக்கலாம். அவர் இறந்த பிறகு துணைக்குப் பென்ஷன் தொடர்கிறது என்பதும் அப்படித்தான்.

சரி, இந்த வாக்குறுதி அசையாததா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் எப்படி உயர வேண்டும் என்பதில் 2013 முதல் விதி மாறியது. வேலையில் இருப்பவர்களின் சம்பளத் திருத்தத்தோடு சேர்ந்து உயர்ந்துகொண்டிருந்தது, வருடத்துக்கு 2 விழுக்காடு என்று ஆனது. ஓய்வு பெற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதைவிடப் பெரிய மாற்றம் 1 பிப்ரவரி 2024 அன்று வந்தது. அந்தத் தேதியிலிருந்து புதிதாக அரசாங்க வேலையில் சேர்கிறவர்களுக்குப் பென்ஷன் திட்டம் இல்லை. அவர்களும் இபிஎஃப், சொக்சோவுக்குள் வந்துவிட்டார்கள். "கவர்மெண்ட் வேலைக்குப் போ, பென்ஷன் வரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்க வேலை இன்றும் நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளை தன் ஓய்வுக்குத் தானே சேர்க்க வேண்டும்.

ஆக, இனிவரும் காலத்தில் நம்மில் ஏறக்குறைய எல்லாருக்கும் இபிஎஃப்தான். கட்டுரையின் பெரும்பகுதியை அதற்குக் கொடுக்கிறேன்.

இபிஎஃப் 1951இல் வந்தது. அந்தக் காலத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. தோட்டப்புறத்து நம் மக்களுக்கு வாழ்நாளில் கைக்கு வந்த ஒரே பெரிய தொகை பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்தது. 55 வயதில் வேலை முடியும். கூடவே தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அந்தப் பணம் தலைக்கு மேல் ஒரு கூரை தேடவே போனது. மொத்தமாக எடுத்துவிடும் வழக்கம் நமக்கு வந்தது பேராசையால் அல்ல. அன்றைய நெருக்கடி அப்படி. அந்த நிலைமை இன்று பெரும்பாலும் இல்லை, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இன்றைய விகிதம்: தொழிலாளி 11 விழுக்காடு. சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் முதலாளி 13, அதற்கு மேல் 12. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்குகிறவருக்கு அவர் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 வெள்ளி சேரும். 11 மே 2024 முதல், 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்குப் போகிறது, அதை 55 வரை எளிதில் தொட முடியாது. 15 விழுக்காடு வீடு, படிப்பு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான நல்வாழ்வுக் கணக்கு. மிச்சம் 10 விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தக் கடைசிக் கணக்கைச் சிலர் மாதாமாதம் வழித்தெடுக்கிறார்கள். அது அவர்கள் பணம், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எடுப்பது ஒவ்வொரு மாதச் சேமிப்பிலும் பத்தில் ஒரு பங்கு என்பது மனதில் இருக்க வேண்டும்.

ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை விஷயத்துக்கு வருகிறேன். பினாங்கில் வாழும் எவருக்கும் இது முக்கியம். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து, பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் தொழிற்சாலை பஸ் ஏறிப் போகும் நம் பெண்கள் எத்தனையோ பேர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, ஞாயிற்றுக்கிழமை வேலை, பொது விடுமுறை வேலை எல்லாம் சேர்ந்து 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளம் 2,600, 2,700 என்று கைக்கு வரும். ஆனால் இபிஎஃப் சட்டத்தில் ஓ.டி. பணம் சம்பளத்தில் சேராது. பயண அலவன்ஸும் சேராது. போனஸ், கமிஷன் சேரும். ஆக 2,700இல் குடும்பம் நடத்திப் பழகியவருக்கு, ஓய்வுக்காகச் சேர்ந்துகொண்டிருப்பது 1,700ஐ வைத்துத்தான். இருபத்தைந்து வருடம் இப்படி ஓடிய பிறகு கணக்கைத் திறந்து பார்த்து, "இவ்ளோதானா?" என்று அதிர்ந்து போகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களை ஏமாற்றவில்லை. சம்பளச் சீட்டில் எந்த வரிக்கு இபிஎஃப் பிடிக்கிறார்கள், எந்த வரிக்குப் பிடிப்பதில்லை என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓ.டி. செய்கிற காலத்திலேயே அதில் கொஞ்சத்தை, மாதம் ஐம்பது நூறு என்றாலும், தானாக முன்வந்து இபிஎஃப்பில் போட முடியும். அந்த இடைவெளியை அடைக்க எனக்குத் தெரிந்த நேரான வழி இதுதான்.

எவ்வளவு இருந்தால் போதும்? 2019 முதல் சில வருடங்களுக்கு 55 வயதில் 240,000 வெள்ளி என்பதை இபிஎஃப் அடிப்படைச் சேமிப்பாக வைத்திருந்தது. மாதம் ஆயிரம் வீதம் இருபது வருடம் என்பதுதான் அந்தக் கணக்கு. அரசாங்க ஊழியரின் குறைந்தபட்சப் பென்ஷனும் அதே ஆயிரம்தான் என்பதைப் பாருங்கள். 2026இலிருந்து புதிய அளவுகோல் படிப்படியாக வருகிறது. இது 60 வயதை வைத்துப் போட்டது: அடிப்படைக்கு 390,000, போதுமான வாழ்க்கைக்கு 650,000, வசதியான வாழ்க்கைக்கு 13 லட்சம். இந்த எண்களைக் கேட்டு நம்மில் பலர் மனம் உடைந்து போகிறார்கள். உடைய வேண்டாம். அதை ஒரு திசைகாட்டியாக வைத்துக்கொண்டு, நம் கையில் இருப்பது எத்தனை காலம் வரும் என்று பார்ப்பதுதான் பயன்.

பக்கத்துத் தெரு அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் மகளின் போனில் இபிஎஃப்பின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து பார்த்தோம். 53 வயதில் ஏறக்குறைய 58,000 வெள்ளி. கோவிட் காலத்தில் இரண்டு முறை எடுத்திருக்கிறார். வேறு வழி இல்லாத காலம் அது. (நாடு முழுக்க அந்தச் சிறப்பு அனுமதிகளில் சுமார் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. நானும் எடுத்தேன்.)

55க்கு முன் இப்படி எடுக்க விடமாட்டார்கள், ஆனாலும் கணக்குக்காக, இப்போதே வேலையை விட்டுவிட்டு மாதம் ஆயிரம் எடுக்க ஆரம்பித்தால், லாப ஈவு வருடத்துக்கு 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தரை வருடத்தில் கணக்கு காலி. அறுபதைத் தொடும் முன்பே. அதே அக்கா 60 வயது வரை வேலை செய்து, மாதம் 408 வெள்ளி தொடர்ந்து சேர்ந்து, பணத்தைத் தொடாமல் விட்டால், அது 120,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வரும். இரு மடங்கு. அப்போது மாதம் ஆயிரம் எடுத்தால் பதின்மூன்று வருடத்துக்கு மேல் தாங்கும். 5 விழுக்காடு என்பது என் அனுமானம்தான், 2020இல் 5.20 கொடுத்தார்கள், 2023இல் 5.50, 2024இல் 6.30. சட்டப்படி உறுதியானது 2.5 மட்டுமே. விலைவாசியும் ஏறும். ஆனாலும் இந்த ஏழு வருடம் செய்யும் வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அக்கா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

55க்கும் 60க்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனியார் துறையில் 1 ஜூலை 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 60க்கு முன்னால் வயதைக் காரணம் காட்டி முதலாளி உங்களை அனுப்ப முடியாது. ஆனால் இபிஎஃப் பணம் 55இலேயே திறந்துவிடும். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு பெரிய தொகையும் கைக்கு எட்டும் ஐந்து வருடம் இது. மகனுக்கு வேன், மகள் கல்யாணத்துக்கு மண்டபம், பாதியில் நிற்கும் சமையலறைச் சீரமைப்பு, நண்பர் சொன்ன முதலீடு, எல்லாம் இந்த ஐந்து வருடத்தில்தான் கதவைத் தட்டும். பிள்ளைகளுக்குச் செய்வது நம் பண்பாடு. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எழுபது வயதில் அதே பிள்ளைகளிடம் மருந்துச் செலவுக்குக் கை நீட்டும் நிலை வந்தால் இருவருக்குமே வலி.

55 ஆனவுடன் எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எடுக்காவிட்டால் பணம் ‘55 கணக்கில்’ இருக்கும். அதற்குப் பிறகு சேர்கிற சந்தா தனியாக ‘பொன் கணக்கில்’ போய் 60 வரை பூட்டியிருக்கும். இரண்டுக்கும் லாப ஈவு உண்டு. 100 வயது வரை பணத்தை உள்ளே வைத்திருக்கலாம். தேவையானபோது தேவையான அளவு எடுக்கலாம். மாதாமாதம் ஒரு தொகை வங்கிக் கணக்குக்கு வருமாறும் எழுதிக் கொடுக்கலாம். 150,000 வெள்ளி வைத்திருப்பவர் அதை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்து மாதம் ஆயிரம் செலவழித்தால் பன்னிரண்டரை வருடம் வரும். உள்ளேயே விட்டு மாதம் ஆயிரம் எடுத்தால், அதே 5 விழுக்காட்டுக் கணக்கில், சுமார் பத்தொன்பது வருடம். நம் கையாலேயே நமக்கு ஒரு பென்ஷனை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பது இதுதான். அரசாங்கம் கொடுக்கும் பென்ஷன் மாதிரி சாகும்வரை வரும் என்ற உறுதி இதில் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற நிம்மதி இருக்கும்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள், டாக்சி, கிராப் ஓட்டுகிறவர்கள், வீட்டிலிருந்தே தையல், சாப்பாடு செய்கிறவர்கள் இந்தக் கணக்குக்கே வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காக ஐ-சரான் என்ற திட்டம் இருக்கிறது. தாமே முன்வந்து போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு கூடுதலாகப் போடுகிறது, வருடத்துக்கு 500 வெள்ளி வரை. அதாவது 2,500 வெள்ளி போட்டால் 500 சும்மா வருகிறது. இவ்வளவு நல்ல விஷயம் நம் மக்களில் பலர் காதுக்கு எட்டவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூன்றாவது பணம் சொக்சோ. இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ‘வேலையில அடிபட்டா கொடுப்பாங்க’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது பாதிதான். மறுபாதி முடக்க ஓய்வூதியம், மலாயில் பென்சென் இலாட். 60 வயதுக்கு முன்னால் பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, தீராத இதயநோய் என்று எதனால் வேலை செய்ய முடியாமல் போனாலும், அது வேலையிடத்தில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, மருத்துவக் குழு உறுதி செய்தால் மாதப் பென்ஷன் உண்டு. சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு, குறைந்தபட்சம் 550 வெள்ளி. போதுமான மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும்: முந்தைய 40 மாதங்களில் 24 மாதம் என்பது ஒரு வழி, அது பொருந்தாவிட்டாலும் வேலை செய்த காலம் முழுவதையும் பார்த்துக் கணக்கிடும் வழியும் உண்டு. அதனால் "எனக்குக் கிடைக்காது" என்று நாமே முடிவு கட்டிவிடாமல் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். இபிஎஃப்பில் சேராத ஓ.டி. பணம் சொக்சோ கணக்கில் சேரும் என்பது இங்கே ஓர் ஆறுதல்.

என் சின்ன மாமா லாரி ஓட்டினார். 48 வயதில் பக்கவாதம். வலது கை போய்விட்டது. வீட்டில் எல்லாரும் இபிஎஃப்பிலிருந்து முடக்கத்துக்காகப் பணம் எடுப்பதைப் பற்றியே பேசினார்கள், எடுத்தார்கள். சொக்சோவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பதினான்கு மாதம் கழித்து, மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. பிறகு மாதாமாதம் வர ஆரம்பித்தது. மாமா போன பிறகு அது அத்தைக்கும் கடைசிப் பையனுக்கும் வாரிசுப் பென்ஷனாகத் தொடர்ந்தது. விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைக்கு இரண்டு பங்கு. அத்தை இன்றும் அந்தப் பணத்தில்தான் அரிசி வாங்குகிறார். ஓய்வுத் திட்டம் என்று உட்காரும்போது எல்லாரும் அறுபது வரை நன்றாக இருப்போம் என்று எண்ணியே கணக்குப் போடுகிறோம். அதற்கு முன்பே உடம்பு விழுந்தால் என்ன வரும் என்பதற்கும் அதே தாளில் ஒரு வரி வேண்டும்.

இந்த மூன்றில் எதுவும் இல்லாமல், வருமானமும் இல்லாமல் அறுபதைக் கடந்தவர்களுக்குச் சமூகநல இலாகா தரும் முதியோர் உதவி இருக்கிறது. 2025 முதல் மாதம் 600 வெள்ளி. இது உரிமைப் பென்ஷன் அல்ல. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. மகன் நல்ல வேலையில் இருந்தால் கிடைக்காமல் போகலாம். இதை நம்பித் திட்டம் போட முடியாது, ஆனால் தேவைப்படும் பெரியவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

அக்காவின் கணக்குக்குத் திரும்புகிறேன். மாதவாரியாகச் சந்தாவைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு வருடத்தில் எட்டு மாதம் வெறுமையாக இருந்தது. குத்தகை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாறிய காலம். சம்பளச் சீட்டில் இபிஎஃப் பிடித்ததாக இருக்கிறது, கணக்கில் வரவில்லை. முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம். பழைய சீட்டுகளை அக்கா எறியவில்லை. பிஸ்கட் டின்னில் ரப்பர் பேண்டு போட்டு, வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்த டின் மட்டும் இல்லாவிட்டால் புகார் கொடுப்பது எவ்வளவு சிரமமாகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது.

புகார் கொடுக்க நாங்கள் சேர்ந்தே போனோம். கவுண்டரில் இருந்த பெண் சீட்டுகளை வாங்கிக்கொண்டு, அப்படியே திரையைப் பார்த்துவிட்டு, வாரிசு யார் என்று கேட்டார். அக்கா இருபத்து மூன்று வயதில் முதல் வேலையில் சேர்ந்தபோது எழுதிய பெயர்தான் இன்னும் இருந்தது: அவருடைய அம்மா. அம்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்து, கிறிஸ்துவக் குடும்பங்களில் இபிஎஃப் வாரிசாக எழுதப்பட்டவருக்கே பணம் சொந்தமாகப் போகும். முஸ்லிம்களுக்கு, எழுதப்பட்டவர் பணத்தை வாங்கி மார்க்கச் சட்டப்படி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர். உயிரோடு இருக்கும் வாரிசு யாருமே இல்லாவிட்டால் குடும்பம் நிர்வாக உத்தரவுக்காக அலைய வேண்டியிருக்கும்.

அக்கா தன் இரண்டு மகள்களின் பெயரையும் அடையாள அட்டை எண்களையும் மனப்பாடமாகச் சொன்னார். ஆளுக்குப் பாதி. கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். வருடக்கணக்காக ப்ளீச் பவுடரில் தேய்ந்துபோன விரல். மூன்று தடவை இயந்திரம் ஏற்கவில்லை. நான்காவது தடவை ஏற்றது.